பஞ்சநாதனின் உறிஞ்சி

கழற்றிப் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் நிச்சயம். பெரிய ஊராக இருந்தால் தெருவுக்கு ஒருவர். உங்கள் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிஷம் மெதுவாகப் போகிறது என்று வாய் தவறி இவர் காதில் போட்டுவிட்டீர்களோ, தீர்ந்தது. மறுநாள் காலை பல்கூடத் துலக்காமல் வந்து நிற்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். "சின்ன வேலைதாங்க, அரை மணி நேரம்" என்பார். அந்த அரை மணியில் கடிகாரத்தின் குடல், ஈரல் எல்லாம் பழைய செய்தித்தாளில் பரப்பப்பட்டிருக்கும். சாயந்தரம் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிட்டு, மிஞ்சிய மூன்று திருகாணிகளைக் கையில் உருட்டியபடி, "கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவார். கடிகாரம்? அது அப்புறம் மெதுவாகப் போகாது. போகவே போகாது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பஞ்சநாதன் இந்த இனத்தின் தலைமகன். ஒரு வேலி நிலம், ஒரு மனைவி, ஒரு திருப்புளி. இந்த மூன்றில் அவர் தினமும் கவனித்தது கடைசியை மட்டும்தான்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். ஓடுகிற சாமான் எதுவும் இவர்கள் கண்ணில் படாது. பினாங்கிலிருந்து திரும்பி வந்திருந்த கூத்தாநல்லூர் மீரா உசேன் வீட்டில் ரேடியோ, தையல் மிஷின், மேசை விசிறி எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சநாதன் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு உருளையையும் அதில் தொங்கிய ரப்பர் குழாயையும்தான் பார்த்தார்.

"அது வாக்குவம் கிளீனருங்க. அங்க ஒரு தொரை வீட்ல இருந்தது. தூசியை உள்ள இழுக்கும். இப்ப ஓடாது" என்றார் மீரா உசேன்.

"ஓடாதா?" பஞ்சநாதன் அதற்குள் கட்டிலுக்கு அடியில் பாதி நுழைந்திருந்தார். "நெசமாவா?"

"பத்து வருஷமா ஓடலைங்க. சும்மா எடுத்துட்டுப் போங்க. அந்தக் கொழாயைப் பாத்துட்டுப் பேரப்புள்ள பாம்புன்னு அழுவுது."

சாணி மெழுகிய தரைக்கு எதற்கய்யா தூசி இழுக்கும் இயந்திரம் என்று நீங்கள் கேட்கலாம். "இழுத்தா தரையே உள்ள போயிடாதா?" என்று அவர் மனைவி அம்சவல்லியும் கேட்டாள். பதில் சொல்ல அவருக்கு நேரம் ஏது? துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மோட்டார் சுருளைப் பிரித்துத் தன் கையாலேயே சுற்றி, தேய்ந்துபோன கரிக்கட்டைக்குப் பதிலாக டார்ச் லைட் பேட்டரியை உடைத்து அதன் கரிக்குச்சியை அரத்தால் ராவிச் செருகி, கிழிந்த குழாய்க்கு சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்டு, தாளிப்பதற்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எல்லாம் அச்சில் ஊற்றி, பதினெட்டு நாள் அந்த மனிதர் குனிந்த தலை நிமிரவில்லை. உருளை ஒரு தடவைகூட இருமவில்லை.

ஓடாவிட்டால் என்ன, பெயர் வைக்கலாமே? அது எழுபதாம் வருஷம். மெட்ராஸில் தமிழின் பேரால் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. முடிவெட்டும் கடை முடிதிருத்தகம் ஆகியிருந்தது, காபி கிளப் சிற்றுண்டியகம் ஆகியிருந்தது. இந்த ஒரு சாமான் மட்டும் இங்கிலீஷில் இருக்கலாமா? உருளையின் மேல் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: உறிஞ்சி.

அங்கேதான் வினை பிடித்தது. வயல் பக்கத்தில் அப்போது வேறொரு தமிழ் நடந்துகொண்டிருந்தது. செங்கொடிச் சங்கத்துக் கூட்டங்களில் 'உழைப்பை உறிஞ்சும், ரத்தத்தை உறிஞ்சும்' என்ற இரண்டும் வராமல் எந்தப் பேச்சும் முடிந்ததில்லை. மிராசுதாரர்கள் மிஷினை இறக்கி ஆட்களை நிறுத்திவிடுவார்களோ என்று ஊர் ஊராகப் பயம். பயத்தில் நியாயமும் இருந்தது; அறுப்புக் கூலி நெல் வந்தால்தான் அந்த ஆட்கள் வீட்டில் உலை கொதிக்கும். இந்த நேரத்தில் பஞ்சநாதன் வீட்டுக்கு 'உறிஞ்சி' வந்திருக்கிறது என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? காலையில் அது நெல்லை உறிஞ்சுகிற மிஷின். மத்தியானம், வரப்பில் நின்று குழாயை நீட்டினால் ஒரு வேலியையும் ஒரே இழுப்பில் இழுத்து மூட்டை கட்டிவிடும் மிஷின். சாயந்தரத்துக்குள் அது வைக்கோலைத் தனியாகத் துப்பவும் கற்றுக்கொண்டுவிட்டது.

மறுநாள் அறுப்புக்கு ஒரு அரிவாள்கூட வரவில்லை.

குறுவை முற்றிச் சாய்ந்து கிடந்தது. கிழக்கே மேகம் கட்டியது. ஒரு மழை விழுந்தால் போதும், நெல் கதிரிலேயே முளைத்துவிடும். மூன்றாம் நாள், அறுப்பாட்களுக்குத் தலைவியான நாகம்மாள் கொடியோடும் இருபது பேரோடும் வாசலில் வந்து நின்றாள்.

"அய்யா, ஒரே வார்த்தை சொல்லுங்க. அந்த மிஷினு ஓடுமா, ஓடாதா? ஓடாதுன்னா இப்பவே வயல்ல எறங்குறோம்."

பாருங்கள், எவ்வளவு சுலபம்! ஓடாது. மூன்றே எழுத்து. அப்பட்டமான உண்மையும்கூட. சொன்னால் நெல் வீடு வந்து சேரும். ஆனால் கழற்றிப் பார்ப்பவரிடம் நீங்கள் நிலத்தைக் கேட்கலாம், உயிரைக் கேட்கலாம், இந்த மூன்று எழுத்தைக் கேட்கக் கூடாது.

"ஓடாதா? எவன் சொன்னான்? சின்ன வேலைதான் பாக்கி. நாளைக்கே ஓடும்!"

வாசலில் 'ஒழிக' கிளம்பியது. அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஓடாதுன்னு சொல்லித் தொலைங்களேன்! நாகம்மா, அது வெளக்குமாறு. வெறும் இரும்பு வெளக்குமாறு!"

"வெளக்குமாறுக்கு எதுக்கும்மா கரண்டு?" என்று கேட்டாள் நாகம்மாள். எனக்கும் இதற்கு இன்றுவரை பதில் தெரியாது.

அம்சவல்லி ஒரு முறம் உமியைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் கொட்டினாள். "எல்லாரும் உள்ள வாங்க. நீங்க ஓட்டுங்க. இதை உறிஞ்சட்டும் பாப்போம்."

பஞ்சநாதன் குழாயை உமிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

ஓடியது! பினாங்குத் துரைக்குப் பிறகு முதல் முறையாக, ரைஸ் மில் போல அலறிக்கொண்டு ஓடியது. என்ன, குழாயைப் பின்பக்கத் துவாரத்தில் மாட்டியிருந்தார். தூசி பிடிக்கும் பையைக் கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டதென்று எடுத்து வைத்திருந்தார். உறிஞ்சி ஊதியது. உமி உத்தரத்துக்குப் போயிற்று. பத்து வருஷத்துப் பினாங்குத் தூசி நாகம்மாள் தலையில், கொடியில், குழம்புச் சட்டியில், பஞ்சநாதன் கண்ணில். இருபத்துமூன்று பேர் ஒன்றாகத் தும்மினார்கள். பட்டென்று ஒரு சத்தம். தெரு முழுவதும் கரண்டு போனது.

நாகம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படியொரு சிரிப்புச் சிரித்தாள்.

"அடியே, இது ஆளைக் கொறைக்கிற மிஷினு இல்லடி! இது போட்ட குப்பையை அள்ளவே நாலு ஆளு கூடுதலா வேணும். இது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். வாங்க வயலுக்கு."

நாலு பேர் கூடத்தைக் கூட்ட நின்றார்கள். அவர்களுக்கும் கூலி நெல் தருவதாக அம்சவல்லி வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் கடைசிக் கட்டும் களத்துக்கு வந்துவிட்டது. மழை அதற்கப்புறம்தான் வந்தது. பஞ்சநாதன் அந்த இரண்டு நாளும் வரப்பில் நின்று, கதிரறுத்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும், "ஓடுச்சா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எதிலிருந்து வந்ததென்று தெரியாத ஒரு திருகாணி, தூக்கிப் போட மனம் வராமல், மூலையில் கிடக்கிறதா? அப்படியானால் யாராவது வந்து "ஓடுமா, ஓடாதா?" என்று கேட்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். என் இழுப்பறையில் ஏழு கிடக்கின்றன. ஆனால் அவை வேறு விஷயம். அவை உண்மையிலேயே கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டவை.