துப்பாக்கி சாருக்கு ஓர் எதிரி தேவை

காவிரிப் பாலத்தில் ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நகராமல் நின்றபோதுதான் அந்த யோசனை பளிச்சிட்டது. பின்சீட்டில் இருந்த துப்பாக்கி சாரிடம் திரும்பிச் சொன்னேன்.

“சார், உங்களுக்கு உடனே ஒரு எதிரி வேணும்.”

“எங்க தம்பி கிடைப்பான்?” என்றார், கடையில் விற்றால் வாங்கிவிடலாம் என்கிற குரலில்.

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் துப்பாக்கி சாரைப் போல் எதிரிக்கு வக்கில்லாத மனிதர் அகப்படமாட்டார். உப்பிலியபுரத்தில் நிலம் இருந்த காலத்தில், காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் எடுத்து வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி அவருடையது. பன்றிகள் அதை மதித்ததாகத் தகவல் இல்லை. நிலத்தை விற்றுவிட்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது அதுவும் கூடவே வந்தது. தேர்தல் சமயத்தில் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமல்லவா? பிள்ளையை ஹாஸ்டலில் விடப்போகிற முகத்தோடு கிளம்புவார். “ஏட்டய்யா, ஈரம் படாம பாத்துக்கங்க. அப்பப்ப துடைச்சு விடுங்க.”

இப்போது லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். நிலமும் இல்லை, பன்றியும் இல்லை. தற்காப்புக்கு என்றுதான் கேட்கமுடியும். அன்று கலெக்டர் ஆபீஸில் அதிகாரி, “உங்க உயிருக்கு யாரால ஆபத்து?” என்று கேட்டார். “யாராலயும் இல்லீங்க” என்று இவர் பெருமையாகச் சொல்லிவிட்டார். சட்டக் கல்லூரி மாணவனான நான் தலையில் அடித்துக்கொண்டேன். போலீஸ் தெருவுக்கு விசாரணைக்கு வருவதற்குள் எதிரி தயாராக வேண்டும்!

மறுநாளே, வம்புக்கு இழுக்கச் சொல்லி, இஸ்திரி வண்டி முருகேசனிடம் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“யோவ்! என் வேட்டியைக் கருக்கிட்டியே!”

“அச்சச்சோ, கொடுங்க சார், புதுசு வாங்கித் தந்துடறேன். வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க.”

உட்கார்ந்தார். மோர் குடித்தார். முருகேசன் மகளின் கல்யாணத்துக்குப் பந்தல் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்து, பக்கத்து வீட்டு ரங்கராஜன் மாமாவின் வாசலை அடைத்து அவருடைய ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். மாமா எட்டிப் பார்த்தார். “அவசரமா போயிருப்பார், பாவம். எல்லாம் பெருமாள் பாத்துப்பார்” என்று சுவரை ஒட்டி நழுவிக் கோயிலுக்குப் போய்விட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவே திரண்டது.

“இவருக்கு யாராவது எதிரி உண்டா?”

“இவருக்கா? தங்கமான மனுஷன் சார்!” என்று முருகேசன் கொதித்தான். “எவனாவது கை வச்சிடுவானா?”

“ஊரே பாதுகாப்பா நிக்குது, துப்பாக்கி எதுக்கு சார்?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அதையே அறிக்கையிலும் எழுத, விண்ணப்பம் தள்ளுபடி.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. எதிரி உள்ளவன் கையில் துப்பாக்கி ஆபத்து. எதிரி இல்லாதவன் கையில் அது வெறும் ரெட்டைக்குழாய். ஆனால் சாருக்குக் கவலை வேறு.

“துப்பாக்கி போகட்டும் தம்பி. அப்புறம் தெருவுல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?”

அவருடைய பெயரே விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நாளைக் காலையில் தெருவே பார்க்க அவர் வாசலில் நின்று நானே மிரட்டப்போகிறேன். கண்ணாடி முன்னால் ஒத்திகை நடக்கிறது. ‘யோவ்’ நன்றாகவே வருகிறது. அதற்கு அடுத்த வார்த்தைதான், எத்தனை முறை முயன்றாலும், ‘சார்’ என்றே வருகிறது.