கேழ்வரகில் ஒரு பனிச்சறுக்கு

செய்து காட்டச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமுள்ள பொய், பயமில்லாத பொய் என்று பொய்யில் இரண்டே வகைதான். நான் சொன்னது இரண்டாவது வகை என்று நம்பியிருந்தேன். செஞ்சியில் ஏது பனி?

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி, ஓட்டல், செங்கல் சூளை என்று சுற்றி, கடைசியாக மணாலியில் மூன்று குளிர்காலம் இருந்தேன். பனிச்சறுக்கு கற்க வருகிறவர்கள் காலில் மாட்டும் நீளக் கட்டைகளை மேட்டுக்குத் தூக்கிப் போவது வேலை. கால்விரல் மரத்துப்போகும். வலித்தால் விரல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தூக்கும்போதே பாடமும் காதில் விழும். அங்கே முதல் பாடம் சறுக்குவது அல்ல, விழுவது. தடுமாறினால் எதிர்த்து நிற்காதே. முட்டியை மடக்கி, பக்கவாட்டில் இடுப்பு படும்படி உட்கார். கையை ஊன்றாதே, மார்போடு வைத்துக்கொள்.

ஊருக்கு வந்திருந்தபோது அனந்தபுரத்திலிருந்து பெண்வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். செல்வியை எனக்கு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. (அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.) அவள் அப்பா சரி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வேலை என்னவென்று கேட்டார். பனிச்சறுக்கு வாத்தியார் என்றேன். கட்டை தூக்குகிறவன் வாயைத் திறந்த நேரத்தில் பதவி உயர்வு வாங்கிக்கொண்டான்.

"அப்ப நீங்க வுழவே மாட்டீங்களா தம்பி?"

"வுழுவேன் மாமா. அடிபடாம வுழுவேன்."

"அது இன்னா அடிபடாம வுழறது? எங்க, காட்டுங்க பாப்போம்."

வீட்டுக்குப் பின்னால் சரிவான பாறை. அதில் அம்மா கேழ்வரகு காயப்போட்டிருந்தாள். பனியும் இந்தக் கேழ்வரகு மாதிரிதான் வழுக்குமா என்று அவர் கேட்டார். அப்படியேதான் என்று சொன்னவன் நான். இரண்டு பனைமட்டைகளைக் காலில் கயிறு போட்டுக் கட்டினேன். சாப்பிடுகிற பொருள்மேல் காலை வைக்காதே என்று அம்மா கத்தினாள். மட்டைதான் படும், கால் படாது என்று சமாதானம் சொன்னேன்.

ஆறடி கௌரவமாகப் போனேன். பிறகு இடது மட்டை அனந்தபுரம் பக்கமும் வலது மட்டை சீயமங்கலம் பக்கமும் புறப்பட்டன. பாடம் நினைவுக்கு வந்தது. முட்டியை மடக்கி, இடுப்பில் உட்கார்ந்து, கையை மார்போடு கட்டிக்கொண்டேன். அப்படியே இறங்கி வந்த என்னைப் பிடிக்க, கீழே நின்றிருந்த மாமா இரண்டு கைகளையும் நீட்டி ஓடிவந்தார். கேழ்வரகில் கால் வைத்தார். வலது கையை ஊன்றினார்.

எனக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு.

அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"நெஜத்த சொல்லு. நீ வாத்தியாரா?"

"இல்ல மாமா. கட்ட தூக்கறவன். பாடம் காதுல வுழுந்ததுதான்."

மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தார். "கைய நீட்டாதன்னு எனக்கும் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இடது கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"செல்வி, பையன் வாத்தியாரு இல்ல, கூலி. கேட்டதும் ஒத்துக்கினான். வுழறது மட்டும் நல்லா வுழறான். உன் இஷ்டம்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்கே கேட்டது.

கல்யாண ஆல்பத்தில் மாமா மாவுக்கட்டோடுதான் தாரை வார்க்கிறார். இன்றைக்கும் அனந்தபுரத்தில் வாசற்படி தடுக்கி நான் லேசாகச் சாய்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: "யாரும் கைய நீட்டாதீங்க, மாப்ள வுழறாரு."