கஸ்தூரிரங்கனின் பெட்ரோல் பம்ப்

“ஏனுங்க, நம்ம கராஜுல போர்வையப் போத்திக்கிட்டு ஆருங்க நிக்கறது?”

மயில்சாமியின் கையிலிருந்த காப்பி தளும்பிச் சட்டையில் கொட்டியது. சனிக்கிழமை காலையில் சாந்தாமணி கராஜ் பக்கம் எட்டிப் பார்க்கிறவளே இல்லை. இன்றைக்குப் பார்த்து அடுப்படியில் அரிசி தீர்ந்திருக்கிறது. புது மூட்டை கராஜில்தான் இருக்கிறது என்பது இந்த மனுஷனுக்கு மறந்தே போயிற்று.

போர்வைக்குள் நின்றது ஆள் இல்லை. ஆளை விட உயரமான பழைய பெட்ரோல் பம்ப். சிவப்பு உடம்பு, தலையில் கண்ணாடிக் குடுவை, இடுப்பில் நீளமாக ஒரு கைப்பிடி. அந்தக் காலத்தில் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பெட்ரோலைக் குடுவைக்கு ஏற்றி, கண்ணால் பார்த்து அளந்து காருக்குள் இறக்குவார்களாம். சாந்தாமணி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அதைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார் மயில்சாமி.

திருட்டுத்தனமாக இறக்குவானேன் என்றால், அதற்கும் காரணம் உண்டு. போன வசந்தத்தில், டெக்சாஸில் இவர்கள் இருந்த ஆலன் ஊரில் ஆலங்கட்டி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கராஜ் முழுக்க இவருடைய பழைய பம்புகளும் பெட்ரோல் கம்பெனித் தகர விளம்பர போர்டுகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் சாந்தாமணியின் புது கேம்ரி வாசலில் நின்றது. மழை விட்டுப் போய்ப் பார்த்தால் கார் கூரை பணியாரக் கல் மாதிரி ஆகியிருந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையில், இனிமேல் பம்ப் வாங்குவதில்லை என்று மருதமலை முருகன் மேல் சத்தியம் பண்ணி, இருந்த அத்தனையையும் விற்றுத் தள்ளினார்.

ஆசை மட்டும் விற்றுப்போகவில்லை. ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று பகல் பூராவும் உட்கார்ந்து வருஷத்தைத் திருத்துகிற உத்தியோகம் அவருக்கு. சாயங்காலம் கையால் தொட்டுத் துடைக்க ஓர் இரும்புச் சாமான் வேண்டாமா? அந்தச் சிவப்புப் பம்பைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதை இழக்கவும் மனசில்லை, சாந்தாமணியிடம் மாட்டிக்கொள்ளவும் தைரியமில்லை.

“அது நம்ம பிச்சுமணியோடது, சாந்தா. அவங்க வீட்டுல இடமில்லைன்னாரு.”

“அப்பிடிங்களா! நான் கூட ஆளோன்னு பயந்தே போயிட்டேன்,” என்று அரிசியை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மயில்சாமி உடனே பக்கத்து ஊரான பிளானோவில் இருந்த பிச்சுமணிக்குப் போன் போட்டார். பிச்சுமணி அவருடைய ஏலக் கூட்டாளி. ஒருத்தர் கை தூக்கினால் மற்றவர் தூக்கக் கூடாது என்பது அவர்கள் ஒப்பந்தம். அந்த வட்டாரத்துப் பம்ப் பைத்தியங்கள் எல்லோரும் அதில் சேர்த்தி. ஏலம் தொடங்குமுன் கார் பார்க்கிங்கில் டோனட் தின்றுகொண்டே, உனக்குப் பம்ப், எனக்கு போர்டு என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். விலை ஏறாமல் சாமான் வீடு வந்து சேரும்.

“பம்ப் உங்களோடதுன்னு சாந்தாகிட்ட சொல்லிட்டேன். கேட்டா ஆமான்னுடுங்க.”

“என்னய்யா, குடியைக் கெடுத்தியே!” என்று அலறினார் பிச்சுமணி. “நான் ஒரு ஏழடி போர்டு வாங்கி வெச்சிருக்கேன். அது உன்னோடதுன்னு ஷ்யாமளாகிட்ட சொல்லியிருக்கேன்!”

வெள்ளம் அணை போடுகிற வரைக்கும் காத்திருக்குமா? மறுநாளே பிச்சுமணியின் மனைவி ஷ்யாமளாவின் மினிவேன் வாசலில் வந்து நின்றது. கூரைமேல் கயிறு போட்டுக் கட்டின போர்டு. பக்கத்து சீட்டில், பேயறைந்த முகத்தோடு பிச்சுமணி.

“அண்ணா, சாந்தா போன்ல எல்லாம் சொன்னா. உங்க போர்டைக் கொண்டு வந்துட்டேன். எங்க பம்பைக் குடுங்கோ, எடுத்துண்டு போறோம். அவா அவா சாமான் அவா அவா ஆத்துல இருந்துட்டா வம்பில்லை பாருங்கோ!”

சாந்தாமணி போர்வையை உருவி அழகாக மடித்தாள். மயில்சாமியின் பம்ப் மயில்சாமியின் கண் முன்னாலேயே பிளானோவுக்குப் புறப்படப் பார்த்தது. ஷ்யாமளாவோ புருஷனை முறைத்துக்கொண்டிருந்தாள். ‘வாங்கறதை நிறுத்திட்டேன்னேளே, இது எப்போ வாங்கினேள்?’ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

“ரெண்டுமே எங்களோடது இல்லை!” என்று பிச்சுமணி வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டார். “கஸ்தூரிரங்கனோடது!”

“ஆருங்க அது?”

“ஆஸ்டின்ல இருக்கான். எங்க ஏலத்துக்கு வர்ற பையன். அபார்ட்மென்ட்ல சாமான் வைக்க இடமில்லை. பாவம், தனி ஆள்.”

பொய் சொல்வதுதான் சொல்கிறார், அந்தத் ‘தனி ஆள்’ என்பதை விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிற இடத்தில் கல்யாணமாகாத பையன் என்று வாய் தவறிக் கூடச் சொல்லலாமா? இரண்டு பெண்களின் முகமும் பளிச்சென்று மலர்ந்தது.

“கல்யாணம் ஆகலீங்களா? என்ன வயசு?”

“எடிசன்ல எங்க சித்தி பொண்ணு மாளவிகா இருக்கா. பையன் என்ன நட்சத்திரம்?”

“ஒரு நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க. பாவம், தனியா என்னத்தை ஆக்கித் திங்குதோ அந்தத் தம்பி.”

அன்றைக்குப் பிடித்தது சனி. போன் அடித்தால் கஸ்தூரிரங்கன், கோயிலுக்குப் போனால் கஸ்தூரிரங்கன். தொல்லை பொறுக்காமல் மயில்சாமி, பையன் நட்சத்திரம் ரோகிணி என்று சொல்லி வைத்தார். அதே சாயங்காலம் பிச்சுமணி தன் வீட்டில் பூரட்டாதி என்று சொல்லித் தொலைத்தார்.

“ரெண்டு நட்சத்திரத்துல பொறந்த புள்ளைய இப்பத்தானுங்க கேள்விப்படறேன்,” என்றாள் சாந்தாமணி, தோசையைத் திருப்பிப் போட்டபடி. “போட்டோ ஒண்ணு வாங்கித் தாங்க. பொண்ணு வீட்டுல கேக்கறாங்க.”

இல்லாத மனுஷனுக்கு எங்கே போய்ப் போட்டோ எடுப்பது?

கூட்டாளிகள் இருவரும் கூடிப் பேசினார்கள். கடைசியில் மயில்சாமிக்கு ஒரு யோசனை உதித்தது. அதை நினைத்து அவரே தன் முதுகைத் தட்டிக்கொண்டார்.

“சாந்தா, அந்தப் பையனுக்கு விசா முடிஞ்சுபோச்சாம். ஊருக்கே திரும்பிப் போயிட்டான். சாமானை ஏலத்துல வித்துடச் சொல்லிட்டான்.”

திட்டம் இதுதான். பம்பும் போர்டும் ஏலத்துக்குப் போகும். ஒருத்தரும் கை தூக்க மாட்டார்கள். எர்ல் மட்டும் தூக்குவார். எர்ல் என்பவர் வெள்ளைத் தாடி வைத்த பண்ணைக்காரர், கூட்டணியில் மூத்தவர். இவர்கள் காசில் அடிமாட்டு விலைக்கு எடுத்துத் தன் பண்ணைக் கொட்டகையில் வைத்துக்கொள்வார். மயில்சாமி சனிக்கிழமைதோறும் போய்த் துடைத்துவிட்டு வரலாம். சத்தியமும் பத்திரம், பம்பும் பத்திரம்.

“நல்லதுங்க. நாங்களும் ஏலத்துக்கு வர்றோம்,” என்றாள் சாந்தாமணி. “ஊரை விட்டுப் போன புள்ளையோட சாமான். நல்ல விலைக்குப் போகுதான்னு நாமதான பாக்கோணும்?”

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? இரண்டு பெண்களும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

ஏலம் மெக்கின்னி ஊரைத் தாண்டி ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில். மயில்சாமி முன்னாலேயே போய் டோனட் பெட்டியோடு ஆள் ஆளாகப் பார்த்து, இன்றைக்கு எர்லைத் தவிர யாரும் மூச்சு விடக் கூடாது என்று கெஞ்சிவிட்டு வந்தார். உள்ளே வந்தால் சாந்தாமணி கையில் நம்பர் எழுதின அட்டை.

“இது எதுக்கு உனக்கு?”

“வாசல்ல எல்லாரும் வாங்கறாங்க, நானும் வாங்கிக்கிட்டேன். புழுக்கத்துக்கு விசிறிக்கலாமுல்ல?”

முதலில் போர்டு வந்தது. எர்ல் அட்டையைத் தூக்கினார். மற்றவர்களெல்லாம் கிடங்கின் கூரையில் ஏதோ அதிசயம் தெரிகிற மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். போர்டு எர்லுக்கு. பிச்சுமணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து சிவப்புப் பம்பைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏலக்காரர் மூச்சு விடாமல் கத்த ஆரம்பித்தார். எர்ல் தூக்கினார். கூட்டம் மறுபடியும் கூரையைப் பார்த்தது.

“ஏனுங்க, இது என்ன அநியாயமா இருக்குது! இத்தனை பேரு உக்காந்திருக்காங்க, ஒருத்தராச்சும் வாயத் தொறக்கறாங்களா?”

“ஏலம்னா அப்படித்தான். நீ பேசாம இரு.”

சாந்தாமணி பேசாமல்தான் இருந்தாள். அட்டையை மட்டும் தூக்கினாள்.

எர்ல் திரும்பிப் பார்த்தார். தூக்கு, இன்னும் தூக்கு என்று மயில்சாமி கண்ணை உருட்டி, புருவத்தை ஏற்றி, தாடையால் ஜாடை காட்டினார். பாவம், எர்ல் பழைய காலத்து மனுஷன். கூட்டாளிக்கு எதிராகவே கை தூக்காதவர், கூட்டாளி வீட்டம்மாவுக்கு எதிராகத் தூக்குவாரா? எழுந்து நின்றார், தொப்பியைக் கழற்றி சாந்தாமணிக்கு மரியாதையாக ஒரு தலைவணக்கம் போட்டார், அட்டையைப் பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சுத்தியல் இறங்கியது. கூட்டணிக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

மயில்சாமிக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பம்ப் சாந்தாமணியுடையது! வாங்கினது அவர் இல்லை, அவள்! மருதமலை முருகன் கூட ஒரு குறை சொல்ல முடியாது. கொட்டகை எதற்கு, எர்ல் எதற்கு? வரவேற்பறையிலேயே நிறுத்தி விளக்குப் போடலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாமான் ஏற்றுகிற வாசலுக்குக் கிட்டத்தட்ட ஓடினார்.

“சாந்தா, நீ தங்கம்! நீ வாங்குவேன்னு நான் கனவுல கூட நினைக்கலை. கார் கராஜுலயே நிக்கட்டும், இதை ஹாலுல வெச்சுக்கலாம். என்ன சொல்றே?”

“நமக்கு எதுக்குங்க இது? அந்தத் தம்பி ஆசையா வாங்கினது. அதுகிட்டயே குடுத்துடலாமுங்க.”

“அவன்தான் இந்தியா போயிட்டானே!”

“அப்பிடிங்களா?” என்றாள் சாந்தாமணி. அவள் பார்வை அவரைத் தாண்டி வாசல் பக்கம் போனது. ஷ்யாமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் ஒரு பிக்கப் டிரக் பின்னோக்கி வந்து நின்றது. மயில்சாமி ஜன்மத்தில் பார்த்திராத ஒல்லிப் பையன் ஒருவன் கயிற்றுச் சுருளோடு குதித்து இறங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கும்பிட்டான்.

“வணக்கம் அங்கிள், நான்தான் கஸ்தூரிரங்கன். ஆன்ட்டி டெக்சாஸ் பூரா இந்தப் பேர்ல ஒரு ஆளைத் தேடினாங்களாம். பேர் மட்டும் சரியா இருந்தா போதும், பம்ப் ஃப்ரீன்னு சொன்னாங்க!”