பெரியவரின் மூக்கில் எங்கள் தெரு

கதை எழுதுகிறவர்கள் வாசகனைச் சிரிக்க வைப்பார்கள், அழ வைப்பார்கள், சிலர் தூங்கவும் வைப்பார்கள். கதாநாயகன் புல் தின்று முடிக்கும்வரை காத்திருக்க வைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் காட்டுமாட்டு டெய்லர்.

கொடைக்கானலில் நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் அட்டுவம்பட்டியில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே தையல் கடை. போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளின் யூனிஃபார்மும் டூரிஸ்ட்டுகள் கிழித்துக்கொண்டு வரும் ஜெர்கினும்தான் பிழைப்பு. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காட்டுமாட்டை வைத்து அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். காட்டுமாட்டைப் பற்றி இல்லை, காட்டுமாடே பார்ப்பதாக, காட்டுமாடே நினைப்பதாக. இந்த வித்தியாசம் புரியாமல் யாராவது வாயைத் திறந்துவிட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விளக்க உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அன்றைக்குத் துணி கைக்கு வராது.

கதாநாயகன் எங்கள் தெருவுக்கு வந்துபோகிற ஆசாமிதான். கூட்டத்தை விட்டுப் பிரிந்த கிழட்டுக் காளை, ஒரு கொம்பு நுனி உடைந்தது. மேலே பைன் காட்டிலிருந்து இறங்கி, டெய்லர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பேரிக்காய் மரத்தில் கழுத்தைத் தேய்த்துவிட்டு, எதிர்த்த டீக்கடைப் பாண்டியம்மாக்கா போட்டிருக்கும் முட்டைக்கோஸை ருசி பார்த்துவிட்டுப் போகும். கொடைக்கானலில் இது அதிசயம் இல்லை. வெளியூர்க்காரர்கள் ஃபோனைத் தூக்குவார்கள், நாங்கள் ஒதுங்கி நின்று அது போனபிறகு எங்கள் சோலியைப் பார்ப்போம். டெய்லர் மட்டும் ஜன்னலில் நின்று, கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். 'அது' என்று சொன்னால் கோபம் வரும். 'பெரியவர்' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அந்தப் பேரி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு டேப்பால் அளந்துகொண்டிருந்தார்.

"என்ன டெய்லரே, மரத்துக்குச் சட்டையா?"

"இல்ல சார். பெரியவர் கழுத்தத் தேச்ச சேறு இந்த ஒசரத்துல இருக்கு. அப்ப அவரு கண்ணு எங்கன இருக்கும்? அளவெடுக்காம எப்படி சார் எழுதுறது?"

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் காளையின் கண்ணும் அவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்று தெரிந்தது. முக்காலி மேல் ஏறி நின்று தெருவைப் பார்க்கலாம் என்று ஆசையோடு இருந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் மாட்டுக்குக் கண் முகத்தின் பக்கவாட்டில் இருக்கிறது என்பது உறைத்தது. காலருக்குள் வைக்கும் அட்டையை மூக்கு மேல் நட்டமாக நிறுத்தி, நூலால் காதில் கட்டிக்கொண்டு, இடது கண்ணுக்கு இடப்பக்கம், வலது கண்ணுக்கு வலப்பக்கம் என்று பிரித்துக்கொடுத்துத் தெருவில் நடந்தார். நேர் எதிரே கரண்ட் கம்பம் இருந்தது. நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்போடு வந்தவர், "சார், பெரிய விஷயம் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன். பெரியவருக்கு மூக்குக்கு நேரா இருக்கிறது தெரியாது" என்றார்.

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்?" என்று கேட்டபடி அவர் மனைவி ராசாத்தி மஞ்சள் பற்றுப் போட்டாள்.

மாட்டுக்குச் சிவப்பு தெரியாது என்று கால்நடை டாக்டர் யாரோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அன்றே நாவலில் இருந்த சிவப்பை எல்லாம் அடித்துவிட்டார். நாவலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வாரம் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்த டீ-ஷர்ட்டுகளில் சிவப்பு அணிக்குப் பச்சைப் பட்டையும் பச்சை அணிக்குச் சிவப்புப் பட்டையும் வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார். பி.டி. மாஸ்டர் மூட்டையோடு வந்து குதித்தபோது இவர் நிதானமாக, "பெரியவருக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். ராசாத்திதான் மாஸ்டரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, பட்டையைப் பிரித்து மாற்றித் தைத்து மானத்தைக் காப்பாற்றினாள். "யூனிஃபார்ம் போடுறது மாடா, பிள்ளைகளா? சொல்லுங்க!" என்று அவள் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

எழுதுவது, துணி வெட்ட வைத்திருக்கும் பழுப்புப் பேப்பரில். கதை ஒரு பக்கம் இருக்கும். அவசரத்தில் அதே பேப்பரில் அளவு போட்டு வெட்டிவிடுவார். அதனால் நாவலின் மூன்றாம் அத்தியாயம் முழுக்கைச் சட்டையின் கை வடிவத்தில் இருந்தது. நான்காம் அத்தியாயம் கால்சட்டை. படிக்கிறவன் தொடை வழியாக இறங்கி முழங்காலில் திரும்ப வேண்டும். மழை பிடித்துக்கொண்டு கரண்டும் போய்விட்டால் பாண்டியம்மாக்கா கடையில் வாசிப்பு நடக்கும். வெளியே போக முடியாது என்பதால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

முதல் அத்தியாயத்தில் காளை புல் தின்கிறது. அத்தியாயம் முடியும்போதும் தின்றுகொண்டிருக்கிறது.

"ஏண்ணே, எப்பத்தான் சாப்பிட்டு முடிப்பாரு?" என்று கேட்டாள் பாண்டியம்மாக்கா.

"முடிச்சிட்டு அசை போடணும்ல? அது ரெண்டாம் அத்தியாயம்."

"சரி, ஒரு சண்டை, ஒரு காதல்?"

"அவருக்கு வயசாயிருச்சும்மா. அவரு என்ன செய்றாரோ அதத்தான் எழுத முடியும். என் இஷ்டத்துக்கு ஆட வைக்க அவரு என்ன கரகாட்டமா ஆடுறாரு?"

அவர் வைத்திருந்த சட்டம் அது. மாட்டுக்குத் தெரியாத எதுவும் நாவலில் வரக்கூடாது. பஸ் என்று எழுத மாட்டார். மாட்டுக்கு பஸ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, வாசம்தான். பாண்டியம்மாக்கா 'வடைச்சட்டி'. கேட்டதும் அவள் டீ கிளாஸை டொக்கென்று வைத்தாள். "என் கடை வடையவே தின்னுட்டு என்னைய வடைச்சட்டிங்கிறீங்களே, நல்லா இருக்குண்ணே உங்க நாயம்!" நான் குளிர் தாங்காமல் காலையும் மாலையும் யூகலிப்டஸ் தைலம் தடவுகிறவன். ஆகவே நாவலில் நான் 'தைலம்'. 'தைலம் வந்தது. தைலம் நின்றது. தைலம் ஓடியது.' என்னைப் பற்றி மொத்தமே மூன்று வரி. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதிலும் அந்தக் கடைசி வரி.

"எல்லாரும் இருக்கோம். நீங்க எங்கே டெய்லரே?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு சார்? நான் ஜன்னலுக்குள்ள நிக்கிற ஆளு. பெரியவருக்கு என்னைத் தெரியாது." சொல்லிவிட்டுப் பேப்பரைச் சுருட்டினார். எனக்கு என்னவோ போல இருந்தது.

காளை வருகிற ஒற்றையடிப் பாதை கொல்லையிலிருந்து மேலே காட்டுக்குள் போய், தண்ணீர்த் தொட்டி பக்கம் மெயின் ரோட்டில் ஏறும் என்று சொல்வார்கள். தெருவில் யாரும் அதில் கால் வைத்ததில்லை. எதிரே அது வந்து நின்றால் யார் வழிவிடுவது? ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பாதைதான். சலசலவென்று ஓடை, மெத்தென்ற புல், வெள்ளைப் பூக்கள். "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு எழுதலாமே?" என்றேன். "கூப்பிடாம ஒருத்தர் வீட்டுக்குள்ள போறதா சார்?" என்று பதறிவிட்டார். அளவெடுக்காமல் அவர் எழுதிய ஒரே அத்தியாயம் அதுதான்.

அந்த வருஷம் அவர் மகள் செல்வி நர்ஸிங் முடித்திருந்தாள். எங்கெங்கோ எழுதிப் போட்டதில் மதுரையில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அடுத்த பஸ்ஸில் போனால் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். டெய்லர் அவளுக்காக ராப்பகலாக ஒரு சுடிதார் தைத்தார். நாவலைத் தொடவே இல்லை. ராசாத்திக்கே கண் கலங்கிவிட்டது.

இன்டர்வியூ அன்று வெள்ளனே கதவைத் திறந்தால், தெருமுனையில் பெரியவர்.

எங்கள் தெருவுக்கு வாசல் ஒன்றுதான். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கடையின் ஷட்டர் போல அது நிற்கிறது. வெடி போட்டால் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்? பனிமூட்டம் வேறு. தலை நிறைய மல்லிகைப்பூவோடு செல்வி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தெருவே திரும்பி டெய்லரைப் பார்த்தது.

"டெய்லரண்ணே, உங்க ஆளுதான! என்ன நெனைக்கிறாருன்னு வெரசா சொல்லுங்க" என்றாள் பாண்டியம்மாக்கா.

அவர் எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப காத அசைக்கிறாரு பாருங்க. வலப்பக்கமாத் திரும்பப் போறாரு" என்றார். காளை திரும்பவில்லை. "பேரி மரத்து நெனப்பு வந்திருச்சு. இங்கிட்டு நடந்து வருவாரு, கதவச் சாத்திக்கலாம், அந்த நேரத்துல பிள்ளை அங்கிட்டுப் போயிரலாம்" என்றார். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டோம். திறந்து பார்த்தபோது காளை அங்கேயே முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, தெருவை அடைத்துப் படுத்து அசைபோட ஆரம்பித்திருந்தது.

ராசாத்தி வெடித்துவிட்டாள். "ஊருக்கே அது மனசப் படிச்சுப் படிச்சுக் காட்டுனீங்களே! இப்பச் சொல்லுங்க, எப்ப எந்திரிக்கும்? ரெண்டாம் அத்தியாயம் முடிஞ்சா? பிள்ளை படிச்ச படிப்பெல்லாம் அங்கன மண்ணாப் போகுது!"

டெய்லர் கொஞ்ச நேரம் காளையையே பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. "எனக்குத் தெரியல ராசாத்தி" என்றார். "அவரு என்ன நெனைக்கிறாருன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல."

செல்வி அழவில்லை, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. திடீரென்று டெய்லர் தலையைத் தூக்கினார்.

"பெரியவரு இங்க கெடக்காருன்னா, அவரு வழி இப்பச் சும்மாத்தான கெடக்கு?"

அடுத்த நிமிஷம் நாங்கள் கொல்லை வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். முன்னால் டெய்லர், நடுவில் புதுச் சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு செல்வி, கடைசியில் குடையோடு நான். ஏன் போனேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஓடையும் இல்லை, பூவும் இல்லை. முழங்கால் வரை சேறு, இரண்டு பக்கமும் உண்ணிச்செடி முள், சாணி, செருப்புக்குள் புகும் அட்டை. டெய்லர் நடுவழியில் நின்றேவிட்டார்.

"இந்த எடத்துல ஓடைன்னுல எழுதிருக்கேன்!"

"அப்பா, நடப்பா! ஓடைய அப்புறம் வெட்டிக்கலாம்!" என்று செல்வி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

தண்ணீர்த் தொட்டி தெரிந்தபோது கீழே வளைவில் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது. அங்கே ஸ்டாப் கிடையாது. டெய்லர் கரையைப் பிடித்து ஏறி, ரோட்டின் நடுவில் போய், தலையைக் குனிந்து, தோளை விரித்துக்கொண்டு நின்றார். உடம்பு முழுக்கச் சேறு. பனிக்குள்ளிருந்து வந்த பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ்! காட்டுமாடுன்னுல்லய்யா நெனச்சேன்! ஈரக்கொலையே நடுங்கிருச்சு!" என்று கத்தினார்.

செல்வி ஓடி ஏறினாள். படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். பனியில் சரியாகத் தெரியவில்லை, சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பஸ் போனபிறகும் டெய்லர் ரோட்டு நடுவிலேயே நின்றார். "கேட்டீங்களா சார்? காட்டுமாடுன்னு நெனச்சாராம்" என்றார். எழுத்தாளர்கள் விருது வாங்கும் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களில் இவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை.

செல்விக்கு வேலை கிடைத்தது. சாயங்காலம் ஃபோனில் சொன்னபோது ராசாத்தி அழுதாள், பாண்டியம்மாக்கா எல்லாருக்கும் வடை கொடுத்தாள். டெய்லர் மட்டும் பழுப்புப் பேப்பரை விரித்து ஐந்தாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்கு மாறுதல் வந்து கிளம்புவதற்கு முன் அதை வாசித்துக் காட்டினார். ஓடை போய்விட்டது, சேறும் முள்ளும் வந்திருந்தன. காளை தன் பாதையில் திரும்பிப் போகிறது. அங்கே புதிய வாசங்கள். மல்லிகைப்பூ. தைலம். அப்புறம், மெஷின் எண்ணெயும் சாக்கட்டியும் கலந்த ஒரு வாசம். காளை அந்தக் காலடியில் மட்டும் மூக்கை வைத்து நிற்கிறது. பிறகு அதை மிதிக்காமல் தாண்டிப் போகிறது.

"மாடு அப்படிச் செய்யுமாண்ணே?" என்று கேட்டாள் பாண்டியம்மாக்கா.

"செய்யாதும்மா" என்றார் டெய்லர், பேப்பரைச் சுருட்டிக்கொண்டே. "அந்த ஒரு வரி மட்டும் பெரியவரு எழுதல. நான் எழுதுனது."

சமவெளிக்கு வந்துவிட்டேன். இங்கே அடிக்கிற வெயிலுக்குத் தைலம் எதற்கு? ஆனாலும் கொடைக்கானலுக்குப் போகும்போதெல்லாம், பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன் கொஞ்சம் எடுத்துத் தடவிக்கொள்கிறேன். அந்தத் தெருவில் எனக்கு வேறு பெயர் கிடையாது.