கப்பல் தண்ணீர்

"உள்ள என்ன செய்யுதிய? தொட்டித் தண்ணி முழுக்கக் காலியாயிரும்."

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று டயானா கேட்டாள். உள்ளே அவள் புருஷன் கிளைட்டன் தலை நிறைய வெள்ளைக் கிரீமோடு வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கிரீம் ஊற வேண்டும். அதுவரை குளிக்கிற சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்று குழாயைத் திறந்துவிட்டிருந்தான்.

சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை அவனுக்கு. கொதிக்கிற பாய்லருக்கு முன்னால் நின்று அசராத ஆள். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுக் குளியலறையில் ஒளிந்து உட்கார வேண்டி வந்ததற்கு அவனுடைய நெற்றிதான் காரணம். வருடாவருடம் அது மேலே ஏறிக்கொண்டே போனது. முடியை முன்னால் இழுத்து மறைக்கலாம் என்றால் சுருட்டை முடி, ஸ்பிரிங் மாதிரி வந்த வழியே திரும்பிவிடும். கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது ஒரு கடையில் போய் உட்கார்ந்தான். மருந்து போட்டுச் சுருளை நேராக நீட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் பாதி நெற்றியைக் காணோம்.

கடைக்காரப் பெண் சும்மா அனுப்பவில்லை. உப்புத் தண்ணீர் ஆகாது என்றாள். ஈரத்தலையில் சீப்பு ஆகாது, ஷாம்புகூட உப்பில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும், வாராவாரம் கிரீம் போட வேண்டும் என்றாள். புதிதாக முளைப்பது சுருட்டையாகத்தான் முளைக்கும், அந்த வேருக்கு மட்டும் பிறகு வந்து மருந்து தொட்டுக்கொண்டால் போதும், அதுவரை நீட்டின முடி ஒடியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம் என்றாள். கிளைட்டன் தூத்துக்குடிக்காரன். அவன் ஊரில் குழாயில் வருவது உப்பு, காற்றில் வருவது உப்பு, லாரியில் போவதும் உப்பு.

உப்பைக்கூடச் சமாளித்துவிடலாம். டயானாவைச் சமாளிக்க வேண்டும். அவளுக்கும் சுருட்டை முடிதான். தன் தம்பி மெல்வின் கல்யாணத்துக்கு முடியை நீட்டிக்கொள்ளட்டுமா என்று அவள் போனில் கேட்டபோது, நடுக்கடலிலிருந்து கிளைட்டன் ஒரு பிரசங்கமே வைத்திருந்தான். கெமிக்கல் மூளைக்கு ஏறும் என்றான். ஆண்டவர் கொடுத்த முடியைத் திருத்த நாம் யார் என்றான். சொந்த முகத்தை நம்பாதவர்கள்தான் இதெல்லாம் செய்வார்கள் என்றும் சொன்னான். டயானா முழுக்கக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். சுருட்டையோடேயே கல்யாணத்துக்குப் போனாள். அந்தப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு மறந்திருக்காது.

அதனால் வீட்டில் பெட்டியை இறக்கியதும், அவள் கேட்கும் முன்பே அவனாகச் சொன்னான்.

"எல்லாம் கப்பல் தண்ணி, டயானா. கடல் தண்ணியக் காய்ச்சி, ஆவியப் பிடிச்சு நல்ல தண்ணி ஆக்குதோம்லா. துளி உப்பு கிடையாது. மாசக்கணக்குல அதுல குளிச்சா எந்தச் சுருட்டையும் நிமிர்ந்திரும்."

டயானா அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முடியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்படியா," என்றாள். நம்பிவிட்டாள் என்று கிளைட்டன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் வீரபாகு அண்ணாச்சியின் பேட்டரிக் கடையிலிருந்து ஒரு கேன் தண்ணீரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரையும் ஆவி பிடித்துத்தான் எடுக்கிறார்களாம், அதிலும் துளி உப்பு கிடையாதாம். அதுவும் கப்பல் தண்ணியும் ஒன்றுதானே என்று கேட்டாள். ஒன்றுதான் என்றான் கிளைட்டன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் தினமும் அதைத் தலைக்கு ஊற்றினாள். சுருட்டை அசையவில்லை. படித்த பெண் பேட்டரித் தண்ணீரில் குளிக்கிறாளே என்று கிளைட்டனுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. பொறுமையாக இரு, கப்பலிலேயே நாளாகும் என்று தைரியம் சொன்னான். அவளும் பொறுமையாகத்தான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மீன் வாங்கிவர அவனைத் திரேஸ்புரம் அனுப்பினாள். சீலாதான் வேண்டும், அதுவும் சாயங்காலம் கரைக்கு வருகிற படகில் பார்த்து வாங்க வேண்டும் என்றாள். பொழுதெல்லாம் காத்துக் கிடந்து பையோடு திரும்பினான். கதவைத் திறந்தவளின் முடி நூல் பிடித்தது போல நேராகத் தோளில் இறங்கியிருந்தது.

"பார்த்தியளா. உங்க தண்ணி வேலை செஞ்சிட்டு."

வீட்டுக்குள் ஒரு வாடை. சிங்கப்பூரில் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அதே கருகின முட்டை வாடை.

"ஏளா, அது எப்படி ஒரே நாள்ல..."

"கப்பல்ல எப்படியும் கொஞ்சம் உப்பு கலந்திரும். இது கடைத் தண்ணி. சுத்தம்."

"இருந்தாலும், வெறும் தண்ணியில போயி..."

"ஏன், தண்ணியில ஆகாதா?"

டயானா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் நெற்றியைப் பார்த்தாள்.

"ஆகும்," என்றான் கிளைட்டன். அன்றைக்கு மீனையும் அவனே கழுவினான். மீன் தண்ணீர் தெறித்தால் முடிக்கு நல்லதில்லையாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஈரத்தலையில் யாரும் சீப்பு வைக்கவில்லை. டயானா தலையணைகளுக்குப் பளபளவென்று வழுக்குகிற துணியில் உறை தைத்தாள். வெக்கைக்குக் குளிர்ச்சி என்றாள். குளிர்ச்சிதான் என்றான் அவன். கடலில் குளிக்கலாம் வாருங்கள் என்று மெல்வின் குடும்பத்தோடு வந்து கூப்பிட்டபோது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில் தடுமன் பிடித்தது.

கம்பெனி அவனைக் கப்பலுக்குக் கூப்பிடுவது தள்ளிக்கொண்டே போயிற்று. வேரில் சுருட்டை எட்டிப் பார்த்தது. கிளைட்டன் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட ஆரம்பித்தான். ஸ்பானர் பெட்டிக்குள் ஒளித்திருந்த கிரீம் பாட்டிலைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு குளிக்கப் போனான். ஒரே ஆறுதல், டயானாவின் வேரிலும் சுருட்டை தெரிந்தது. இன்றைக்கு அதைக் கேட்டே விடுவது என்ற தீர்மானத்தோடுதான் கிரீமைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தான்.

காலையிலேயே தலைக்குக் குளித்திருந்த டயானா, ஈர முடியை விரித்துப்போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டயானா, வேர்ல மறுபடியும் சுருளுது? தண்ணிக்குப் பவர் போயிட்டோ?"

"வேருக்கு மட்டும் திரும்பத் தொட்டுக்கிடணுமாம். அதுவரைக்கும் கிரீம் போட்டுப் பார்த்துக்கிடணுமாம்."

"யாரு சொன்னா?"

"வீரபாகு அண்ணாச்சிதான்."

"பேட்டரிக் கடைக்காரரா?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

கிளைட்டன் துண்டைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டான்.

"என் கிரீம் தீந்துட்டு," என்றாள் டயானா. "அந்தத் துண்டுக்குள்ள இருக்கதக் கொண்டாங்க. பின்னந்தலைக்கு எனக்குக் கை எட்ட மாட்டேங்குது."

கிளைட்டன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். துண்டைப் பிரித்துப் பாட்டிலை எடுத்தான். வகிடு பிரிக்க மேசையிலிருந்த சீப்பை எடுத்தவன், முடியைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஈரம். சீப்பைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, விரலால் மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினான்.