ஆவி திருத்திய கதை

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு உபகாரச் சம்பளப் பரீட்சையில் மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளைகள் ஒட்டுமொத்தமாகக் கோட்டை விட்டார்கள். காரணத்தை ஆராய மேலிடம் ஐந்து கனவான்கள் அடங்கிய விசாரணைச் சபை ஒன்றை நியமித்தது. சபையார் மூன்று மாதம் கூடினார்கள், தேநீர் அருந்தினார்கள், கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் தோற்றதற்குக் காரணம் அவர்களுக்கு விடை தெரியாமல் இருந்ததே. ஆகவே விடைகளை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிடுவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

இப்படிப் பிறந்ததுதான் ‘ஆறு பாடச் சாரக் குறிப்பு’. கணிதம், சரித்திரம், பூமிசாஸ்திரம், சுகாதாரம், விஞ்ஞானம், இலக்கணம் எல்லாம் எண்பது பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவித்தல்: “இக்குறிப்பில் காணப்படுபவை மாத்திரமே சரியான விடைகளாகக் கொள்ளப்படும்.”

ஊர் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. ஏறாவூரில் முகைதீன்பாவாவின் துணிக்கடையில் சாரனுக்கும் சீத்தைக்கும் அடுத்தபடி அதுதான் ஓடியது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பிள்ளைகளுக்கும் தாய்மார் வாங்கி வைத்தார்கள். கலியாணப் பேச்சில் “குறிப்பு இருக்கா?” என்று கேட்டால், கேட்பது சாதகத்தையா சாரத்தையா என்று விசாரித்துத் தெளிய வேண்டியதாயிற்று.

வவுணதீவுப் பக்கம், தண்ணீரோரமாக இருந்த ஓர் ஓலைப் பள்ளிக்கூடத்தில் இலட்சுமிப்பிள்ளை ஆறு வருஷமாகப் படிப்பித்து வந்தாள். பூமிசாஸ்திரத்துக்கு அவள் பெரிதாகக் கஷ்டப்பட்டதில்லை. அரைச்சுவருக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினால் போதும், வாவி தெரியும். கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டினால் உப்பேறும், மாரியில் நன்னீராகும், எந்த மாதத்தில் எந்த மீன் வரும் என்பதெல்லாம் பிள்ளைகளே அவளுக்குச் சொல்லுவார்கள். அவள் ஓம் என்பாள்.

குறிப்புப் புத்தகம் வந்த அன்று அவள் முப்பத்தோராம் பக்கத்தை விரித்தாள். அங்கே இப்படி இருந்தது: “மட்டக்களப்பு ஆவி முப்பத்தைந்து மைல் நீளமுடையது. ஆவியில் மீன்கள் வாழ்கின்றன. மக்கள் தோணிகளில் ஆவியைக் கடப்பர்.”

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைமை வாத்தியார் கந்தப்போடியிடம் போனாள்.

“வாவி எண்டு வரவேண்டியது ஆவி எண்டு வந்திருக்கு. அச்சுப் பிழை.”

கந்தப்போடி கண்ணாடியை மூக்கில் ஏற்றி மூன்று தரம் வாசித்தார். “தங்கச்சி, நம்மட கையால எழுதினா பிழை. அச்சில வந்தா அது பாடம்.”

“பிள்ளைகள் சிரிக்குதுகள்.”

“சிரிப்பு ஆறு பாடத்திலயும் இல்ல. விடுங்க.”

அடுத்த மாதம் பள்ளிக்கூடங்களைச் சோதனை பார்க்கும் வித்தியாதரிசி கனகசிங்கம் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக வகுப்பில் நுழைந்தவர், முன்வரிசையில் இருந்த புஸ்பத்தை எழுப்பினார். புஸ்பம் மீன்பிடிகாரன் பத்தக்குட்டியின் மகள். வகுப்பில் அவளுக்கு நிகர் அவள்தான்.

“மட்டக்களப்பில் முப்பத்தைந்து மைல் நீளமுடையது எது?”

“வாவி, ஐயா.”

“தவறு. குறிப்பைப் பார்.”

“ஐயா, அந்தா தெரியுது.” புஸ்பம் வெளியே கையைக் காட்டினாள்.

வித்தியாதரிசி வெளியே பார்த்தார். தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவர் முகம் கடுத்தது. இலட்சுமிப்பிள்ளையைத் தனியே அழைத்தார்.

“இந்தப் பக்கம் ஏன் திறந்து கிடக்கிறது? பிள்ளைகள் குறிப்பைப் பாராமல் வெளியே பார்த்து விடை சொல்கிறார்கள். பரீட்சையில் இது பார்த்தெழுதுவதற்குச் சமம்.”

மறுநாளே அரைச்சுவருக்கு மேல் கிடுகுத் தட்டி கட்டப்பட்டது. வகுப்பு இருண்டது. பூமிசாஸ்திரம் முன்னேறியது.

இலட்சுமிப்பிள்ளை விடவில்லை. குறிப்பை வெளியிட்ட கல்விக் கந்தோருக்கு மிகப் பணிவாக ஒரு கடிதம் எழுதினாள். ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. “தாங்கள் சுட்டிக்காட்டிய பிழை உரிய காலத்தில் திருத்தப்படும். திருத்தம் வெளிவரும் வரை அப்பிழை சரியாகவே இருக்கும் என்பதைத் தயவாய் அறியவும்.”

உபகாரச் சம்பளப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முதலாவதாக வரும் ஒரு பிள்ளைக்குப் பட்டணத்து ஆங்கிலப் பாடசாலையில் இடமும், தங்கிப் படிக்க விடுதியும் கிடைக்கும். புஸ்பம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள் என்று ஊரே நம்பியது. ஆனால் ஒத்திகைப் பரீட்சையில் அவள் மறுபடியும் வாவி என்றே எழுதிவைத்தாள்.

பத்தக்குட்டி வலையைத் தோளில் போட்டபடியே பள்ளிக்கூடத்துக்கு வந்தான்.

“ரீச்சர், நாங்க அத ஆறு எண்டுறம். நீங்க வாவி எண்டுறீங்க. பெரிய ஐயாமார் ஆவி எண்டுறாங்க. மீன் ஒண்டுதானே? எண்ட புள்ளைய மட்டும் இதுக்குள்ள மாட்டி விட்டுறாதீங்க. இந்த ஒரு தரம் தப்பினா மறுகா அவள் உப்புத் தண்ணியில கால் வைக்கத் தேவல்ல.”

 அன்று பின்னேரம் இலட்சுமிப்பிள்ளை புஸ்பத்தை இருத்தி முப்பத்தோராம் பக்கத்தைப் பாடமாக்க வைத்தாள்.

“அப்ப நான் பொய்யா எழுதணும், ரீச்சர்?”

“பொய் இல்ல மகள். விடை.”

அதைச் சொல்லும்போது அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

புஸ்பம் எழுதினாள். மாகாணத்திலேயே முதலாவதாக வந்தாள். கனகசிங்கம் சாரக் குறிப்பின் மகிமை பற்றி அரைமணி நேரம் பேசினார். பத்தக்குட்டி மகளின் பெட்டியைத் தோணியில் ஏற்றிப் பட்டணத்தில் கொண்டுபோய் விட்டான்.

அடுத்த வருஷம் கந்தோர் வாக்குத் தவறாமல் திருத்தம் வெளியிட்டது. ஒரே வரி: “சாரக் குறிப்பில் ஆவி என வருமிடமெல்லாம் வாவி எனத் திருத்தி வாசிக்கவும்.”

வருமிடமெல்லாம் என்றால் எல்லா இடமும்தான். புதிய பதிப்பில் பூமிசாஸ்திரம் சரியாகிவிட்டது. விஞ்ஞானத்தில் “நீர் கொதிக்கும்போது வாவி உண்டாகும்” என்று வந்தது. சரித்திரத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் வாவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தான். சுகாதாரத்தில் சளி பிடித்தவர்கள் காலையும் மாலையும் வாவி பிடிக்க வேண்டியிருந்தது.

விடுமுறைக்குப் பிறகு பத்தக்குட்டி இருமிக்கொண்டு வந்தான்.

“மகள் புதுக் குறிப்பைப் பாத்து வாவி பிடிக்கச் சொல்லிற்றுப் போறாள் ரீச்சர். முப்பது வருஷமா அதுக்குள்ளதானே நிக்கிறன். சளி வந்ததே அதாலதான்.”

“புஸ்பமா அப்பிடிச் சொன்னவள்?”

“ஓம். ஏன் எண்டு கேட்டன். விடை அதுதானாம்.”

பெருமையும் இருமலும் சேர்ந்து அவனுக்கு மூச்சு முட்டியது.

இலட்சுமிப்பிள்ளை இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்த கிழமையில்தான் கந்தோரிலிருந்து உத்தரவு வந்தது. பிழை காண்பதில் அவளுக்குள்ள திறமையை மேலிடம் மெச்சி, அவளைப் பரீட்சை விடைத்தாள் திருத்துநராக நியமித்திருந்தது. கந்தப்போடி மாலை போட்டார். வாவிக்கு இப்பால் அந்தப் பதவி கிடைத்த முதற்பெண் அவள்தான். எழுதத் தொடங்கிய கடிதம் இரண்டு வரியோடு நின்றது.

பட்டணத்து மண்டபமொன்றில் நீண்ட மேசை. தலைமாட்டில் கனகசிங்கம். ஒவ்வொரு திருத்துநருக்கும் சிவப்பு மை, விடைத்தாள் கட்டு, ஒரு சாரக் குறிப்பு. நாற்பது தாள் வரை இலட்சுமிப்பிள்ளையின் பேனா தடையில்லாமல் ஓடியது. நாற்பத்தோராவது தாளில் ஒரு கோணல் எழுத்து: “தண்ணி கொதித்தால் ஆவி வரும். எங்கள் வீட்டுக் கேத்தலில் நான் பார்த்திருக்கிறேன். அது மூடியைத் தள்ளும்.”

பேனா நின்றது. யார் பெற்ற பிள்ளையோ. பெயர் இல்லை, சுட்டெண் மட்டும். அந்தத் தாளை அவள் இரண்டாம் தரமும் வாசித்தாள். 

“ஏதும் சந்தேகமோ?” என்று மேசைத் தலைமாட்டிலிருந்து கேட்டார் கனகசிங்கம்.

“இல்ல ஐயா. குறிப்பில் இல்லாத விடை.”

“அப்படியானால் யோசிக்க என்ன இருக்கிறது?”

அவள் யோசிக்கவில்லை. பூச்சியத்தை நல்ல வட்டமாகப் போட்டு அடுத்த தாளை எடுத்தாள். சளி பிடித்தவர்கள் வாவி பிடிக்க வேண்டும் என்று முத்துமுத்தான எழுத்தில் இருந்தது. முழுப் புள்ளி கொடுத்தாள்.