தேய்ந்த பாகத்தை ஒப்படைக்கவும்

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, தமக்குக் கீழ்க்கண்ட பொருள்கள் தேவை என்று கல்வி அலுவலகத்துக்கு மிகுந்த பணிவுடன் விண்ணப்பித்தார்: சாக்பீஸ் இரண்டு பெட்டி, டஸ்டர் ஒன்று, கரும்பலகையில் வட்டம் போடும் மரக் காம்பஸ் ஒன்று. அவ்வளவுதான். யானை கேட்டாரா, குதிரை கேட்டாரா?

படிவத்தில் 'ஏன்?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் முறையே 'எழுத', 'அழிக்க', 'வட்டம் போட' என்று எழுதினார். இதைவிடத் தெளிவாக உலகத்தில் யாரும் எழுதிவிட முடியாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. பத்தே நாளில் படிவம் திரும்பி வந்தது. 'குறிப்பிட்ட காரணங்கள் போதுமான அளவுக்குக் காரணமாக இல்லை. நேரில் வந்து விளக்கவும்.'

டீச்சருக்குப் பகீரென்றது. கையிலிருந்த கடைசி சாக்பீஸ் சுண்டுவிரல் நகத்தளவுக்கு வந்துவிட்டது. வட்டப் பாடமோ இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்கு மட்டும் பதினாறு மதிப்பெண். வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் கரையேறுவதே அந்தப் பதினாறை நம்பித்தான்.

அலுவலகத்தில் தளவாடப் பிரிவைப் பார்த்துக்கொண்டவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'ஏன் சார்'. கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், மேசை மின்விசிறியைக்கூட டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார். அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

"சாக்பீஸ் ஏன்?"

"போர்டுல எழுதறதுக்கு சார்."

"டஸ்டர் ஏன்?"

"எழுதினதை அழிக்கறதுக்கு."

ஏன் சார் பேனாவை மூடினார். "டீச்சர், ஒரே படிவத்துல எழுதறதுக்கும் பொருள் கேக்கறீங்க, அழிக்கறதுக்கும் பொருள் கேக்கறீங்க. ரெண்டுல எது உங்க முடிவு?"

"ரெண்டும்தான் சார்."

"அழிக்கப் போறதை ஏன் எழுதணும்?"

"அழிச்சாத்தானே சார் அடுத்த கணக்கை எழுத முடியும்? போர்டுல இடம் வேணாமா?"

"சின்னதா எழுதலாமே."

டீச்சர் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார்.

"சரி, காம்பஸ் ஏன்?"

"வட்டம் போட சார். கையால போட்டா உருளைக்கிழங்கு மாதிரி வருது."

"போன வருஷம் வட்டம் போட்டீங்களா?"

"போட்டேனே."

"அது எங்க?"

"அழிச்சாச்சு சார்."

"பாத்தீங்களா!" என்று ஏன் சார் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பத்திரமா வச்சிருந்தா இந்த வருஷத்துக்கும் ஆகியிருக்கும். சரி, போகட்டும். ஒரே ஒரு விதிதான் பாக்கி. பழைய பொருளை ஒப்படைச்சாத்தான் புதுசு குடுப்போம். போன வருஷத்து சாக்பீஸை ஒப்படைச்சிடுங்க."

"அது தேஞ்சு போச்சு சார்."

"அப்ப தேஞ்ச பாகத்தை ஒப்படைங்க."

டீச்சர் சிரித்தார். ஏன் சார் சிரிக்கவில்லை. ஆகவே டீச்சரும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் கணக்கு நடக்கவில்லை. பிள்ளைகள் கரும்பலகைக்குக் கீழே பெருக்கினார்கள், பழைய டஸ்டரைச் சுவரில் அடித்தார்கள், ஜன்னல் கம்பியைத் துடைத்தார்கள். ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் தேறியது. டீச்சர் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்தார். ஏன் சார் அதைத் தராசில் வைத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"போன வருஷம் உங்களுக்குக் குடுத்த சாக்பீஸ் நானூறு கிராம். நீங்க ஒப்படைக்கறது நானூத்தி அறுபது. மிச்ச அறுபது கிராம் எங்கேருந்து வந்துச்சு?"

"ஐயோ, அது மண்ணு சார்! தரையைப் பெருக்கினா மண்ணும்தானே வரும்?"

"மண்ணுன்னு நீங்க சொல்றீங்க. பாத்தா வெள்ளையா இருக்கே."

'கணக்கில் வராத சாக்பீஸை வகுப்பறையில் வைத்திருந்தது தொடர்பாக' என்று ஒரு விசாரணைக் கோப்பு பிறந்தது. விசாரணை முடியும்வரை எந்தப் பொருளும் கிடையாது. கணக்கு டீச்சருக்கே கணக்கு இடித்தால் வெளியே எப்படித் தலைகாட்டுவது என்று தலைமையாசிரியர் வேறு அங்கலாய்த்தார்.

டீச்சர் வீட்டுக்கு வந்து பையை நாற்காலியில் வீசினார். வீட்டுக்காரர் தையல்காரர், முன் அறையில்தான் மெஷின்.

"எனக்கு அழுகை அழுகையா வருதுங்க. பரீட்சை வந்து தலைமேல நிக்குது. வட்டத்தை நான் என்ன வாயாலயா போட முடியும்?"

வீட்டுக்காரர் அப்போது பாவாடை ஒன்றுக்குத் துணியைத் தரையில் விரித்திருந்தார். குடையாக விரியும் பாவாடை. நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையில் கட்டிய, துணியில் குறிபோடும் சாக்கட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். அச்சு அசலாக வட்டம் விழுந்தது.

டீச்சர் அப்படியே நின்றார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"பதினெட்டு வருஷமா உன் கண்ணு முன்னாடிதான் போடறேன். நீ என்னைக்கு என் வேலையைப் பாத்த?"

மறுநாள் பள்ளி மைதானத்தில் ஒரு ஆணி, ஒரு கயிறு, ஒரு குச்சி. ஆணி மையம். கயிறு ஆரம். கயிற்றோடு குச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள் ஒருத்தி. மண்ணில் வட்டம் விழுந்தது. பாதியில் குச்சியிலிருந்து கயிறு அவிழ்ந்துவிட, அவள் போன வேகத்தில் நேராக ஓடினாள் பாருங்கள், "அதுதான்டா தொடுகோடு!" என்று டீச்சர் துள்ளிக் குதித்தார். இரண்டு மாதம் மைதானமே கரும்பலகை. காற்று அடித்தால் தானாக அழிந்தது. டஸ்டர் செலவும் மிச்சம்.

தேர்வு முடிவு வந்தது. நாற்பத்திரண்டு பேரும் தேறியிருந்தார்கள். டீச்சர் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதார்.

சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் சுற்றறிக்கை வந்தது. 'சாக்பீஸ் வழங்கப்பட்ட பிரிவுகளின் தேர்ச்சி நூற்றுக்கு அறுபத்தொன்று. வழங்கப்படாத பிரிவின் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. ஆகவே தேர்ச்சியைக் கெடுத்து வந்தது சாக்பீஸே என்பது ஐயந்திரிபற நிரூபணமாகிறது.'

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது மோகம். போகிற பக்கமெல்லாம் 'சாக்பீஸ் இல்லாக் கற்பித்தல்' என்ற பேச்சு. அதற்குக் கருத்தரங்கு, அதற்குச் சட்டையில் குத்தும் வில்லை. சாக்பீஸ் வைத்திருந்த பள்ளிகள் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டன. டீச்சர் மீதிருந்த அறுபது கிராம் விசாரணை பெருந்தன்மையோடு கைவிடப்பட்டது. அவருக்குப் பாராட்டு விழாவும் ஏற்பாடாயிற்று.

விழா மேடையில் பெரிய கரும்பலகை. அதில் வெள்ளை வெளேரென்று, கொடி சுற்றி, பூப் போட்டு எழுதியிருந்தது: 'சாக்பீஸ் இல்லாக் கற்பித்தல் விழாவுக்கு வருக!'

"சார், இந்த சாக்பீஸ் ஏது?" என்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏன் சாரிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கேட்ட ரெண்டு பெட்டிதான் டீச்சர். விசாரணையைக் கைவிட்ட அன்னைக்கே அனுமதி வந்துருச்சு. ஆனா உங்களுக்குக் குடுத்தா சாக்பீஸ் இல்லாத் திட்டமே கெட்டுப்போயிடுமே!"

ஒலிவாங்கி கைக்கு வந்ததும் டீச்சர் உண்மையைப் போட்டு உடைத்தார். "சாக்பீஸ் இருந்திருந்தா ஒரு மாசம் முன்னாடியே பாடத்தை முடிச்சிருப்பேன். ஏதோ ஒரு ஆணியும் கயிறும் குச்சியும் எங்களைக் காப்பாத்துச்சு!" என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று அரங்கமே கைதட்டியது. ஏன் சார் மட்டும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, 'ஆணி, கயிறு, குச்சி' என்று குறித்துக்கொண்டார்.

பிறகு அவரையும் பேசச் சொன்னார்கள். "சின்ன வயசுல வகுப்புல ஒரே ஒரு தடவை 'ஏன்'னு கேட்டேன். வாத்தியார் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுட்டார். அதோட பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் நான் வாயே திறக்கல. அப்ப கேக்காம விட்டதையெல்லாம் இப்பத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது டீச்சர்தான்.

புதுப் பள்ளி ஆண்டு பிறந்தது. புதுச் சுற்றறிக்கையும் பிறந்தது. ஆணி, கயிறு, குச்சி மூன்றும் இனி அங்கீகரிக்கப்பட்ட கற்பித்தல் தளவாடங்கள். அனுமதியில்லாமல் எவரும் பயன்படுத்தலாகாது. கைவசம் உள்ளவற்றை, தேய்ந்த பாகம் உட்பட, ஒப்படைக்க வேண்டும். தேவைப்படுவோர் காரணத்துடன் அன்று மாலை நான்கு மணிக்குள் விண்ணப்பிக்கலாம்.

டீச்சர் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதினார். இப்போது அவர் கை தேர்ந்தவர். 'கயிறு ஏன்?' என்பதற்கே மூன்று பக்கம் வந்தது. மணி மூன்றரை. முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். வட்டத்தை நாம ஏன் படிக்கறோம்?"

டீச்சரின் பேனா நின்றது. சாக்பீஸ் ஏன் என்று அவருக்குத் தெரியும். டஸ்டர் ஏன், கயிறு ஏன், குச்சி ஏன், எல்லாம் கரதலப் பாடம். இதை மட்டும் இருபது வருஷத்தில் அவரும் யோசித்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"பரீட்சையில வரும். எழுதிக்கோ."

"அதில்ல டீச்சர், ஏன்னு..."

"நாலு மணிக்குள்ள இதை அனுப்பணும்னு நான் தவிச்சுக்கிட்டு இருக்கேன், ஏனாம் ஏன்! ஏறு பெஞ்சு மேல!"

அவள் ஏறி நின்றாள். டீச்சர் தலையைக் குனிந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்: 'ஆணி ஏன்?' தளவாடப் பிரிவுக்கு இன்னும் ஒரு தலைமுறைக்கு ஆள் பஞ்சமில்லை.